மாப்பிள்ளையை எழுப்பியவர்

உலகத்தில் எத்தனையோ பிழைப்பு இருக்க, குறட்டை விடுகிற ஆம்பிளைகளைத் தட்டி எழுப்புகிற பிழைப்பு தன் தலையில் வந்து விடிந்ததே என்று அவர் நொந்துகொள்ளாத நாள் கிடையாது. பஸ் டிப்போவின் பின்பக்கம், ஒர்க்‌ஷாப்புக்கும் டீசல் பம்புக்கும் இடையே நீளமாக ஒரு கூடம். இரண்டு வரிசை இரும்புக் கட்டில்கள். தூரத்து வண்டி ஓட்டிவிட்டு வருகிற டிரைவர்கள் அங்கேதான் படுப்பார்கள். ஒருத்தருக்கு விடிவதற்கு முன்னால் வண்டி, ஒருத்தருக்கு வெயில் ஏறின பிறகு, இன்னொருத்தருக்கு மத்தியானம். அவரவர் நேரத்துக்கு அவரவரை எழுப்பி, முகம் கழுவ வைத்து, வண்டிச் சாவியைக் கையில் கொடுத்து அனுப்புவதுதான் அவர் உத்தியோகம். டிப்போவில் அவருக்குப் பெயர் சேவல். மரியாதைக்காரர்கள் 'சேவலண்ணே' என்பார்கள். சேவல் என்றே கூப்பிட்டுத் தொலையலாமே, அதற்கு மேல் எதற்கு ஒரு அண்ணே என்று அவருக்கு எரிச்சலாக வரும்.

சுத்தம் என்றால் அவருக்கு உயிர். அந்த மனுஷனைக் கொண்டுபோய் அந்தக் கூடத்தில் போட்டிருந்தார்கள். விழித்திருக்கும்போது மனிதர்கள் ஓரளவு சகிக்கும்படிதான் இருக்கிறார்கள். தலை வாரிக்கொள்கிறார்கள், வாயை மூடி வைத்துக்கொள்கிறார்கள். தூங்கும்போதுதான் சாயம் வெளுக்கும். ஈ போவது தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு ஒருத்தர். கை எங்கே போகிறது, எதைச் சொறிகிறது என்ற விவஸ்தையே இல்லாமல் இன்னொருத்தர். நாள் முழுக்க பூட்ஸுக்குள் வெந்த கால்களை வெளியே எடுத்துப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு எல்லாரும். காற்றோட்டத்துக்கு இரண்டு ஜன்னல் இருந்தது; அதையும் குளிருகிறது என்று எவனாவது எழுந்து சாத்திவிடுவான். கைக்குட்டையில் தைலம் தடவி மூக்கில் கட்டிக்கொண்டுதான் சேவல் உள்ளே நுழைவார். கண்றாவி, கண்றாவி என்று வாய்க்குள் முனகிக்கொண்டே கட்டில் கட்டிலாகப் போவார்.

அந்தக் கூடத்தில் அவருக்கென்று இருந்த ஒரே ஆறுதல், மூலையில் நின்ற இரும்பு பீரோ. வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் தன் கையாலேயே துவைத்து, வெயிலில் காயப்போட்டு, விளிம்புக்கு விளிம்பு சேர்த்து மடித்து அதில் அடுக்கி வைத்திருப்பார். மனசு ரொம்பக் குமட்டினால் பீரோவைத் திறந்து ஒரு நிமிஷம் அதன் முன்னால் நிற்பார். சோப்பு வாசனை வரும். மறுபடி மூடிவிட்டு வேலைக்குப் போவார்.

எழுப்புவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. டிரைவர் படுக்கப் போகிறபோதே கட்டில் பக்கத்தில் போய் நிற்பார். "உங்க நேரம் இன்னது. அப்போ எழுப்புவேன். சொல்லுங்க பார்க்கலாம்" என்பார். அந்த ஆள் தன் வாயால் நேரத்தைத் திருப்பிச் சொன்னால்தான் விளக்கை அணைப்பார். டிரைவர்களுக்கு இது பெரிய கேலி. "சேவலண்ணே, பாடம் ஒப்பிச்சாச்சு, தூங்கலாமா?" என்பார்கள். ஆனால் நேரம் சொல்லிவிட்டுப் படுத்தவன் கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினதும் எழுந்துவிடுவான். சொல்லாமல் படுத்தவனை உலுக்கி எடுக்க வேண்டியிருக்கும். எழுந்தும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஏன் என்று அவருக்குத் தெரியாது. அனுபவத்தில் கண்டது, அவ்வளவுதான்.

அந்த ஏனுக்கு விடை சொன்னவர் கம்பெனி டாக்டர். டிரைவர்களுக்குத் தூக்கத்தைப் பற்றி வகுப்பு எடுக்க ஒருநாள் வந்தார். தூக்கத்தைப் பற்றிய வகுப்பில் அத்தனை பேரும் தூங்கிப்போனார்கள். கொட்டக் கொட்ட விழித்திருந்து கேட்டது சேவல் ஒருத்தர்தான். டாக்டர் நல்ல மனுஷர், ஒருத்தர் கேட்டாலும் போதும் என்று முழுசும் சொல்லி முடித்தார்.

தூங்குகிறவன் மூளை அணைத்துப்போட்ட விளக்கு மாதிரி கிடப்பதில்லையாம். இருட்டினதும் மெலடோனின் என்று ஒன்று சுரந்து, படுக்கிற நேரம் வந்துவிட்டதென்று உடம்புக்குச் சொல்லுமாம். விடியப்போகிற நேரத்தில் அது வடிய, சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிற சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் மெல்ல மெல்ல ஏறுமாம். ஆள் கண்ணைத் திறப்பதற்கு முன்பே உடம்பு எழுகிற வேலையை ஆரம்பித்துவிடுகிறது. மூளைக்கு அடியில் ஒரெக்சின் என்று ஒரு கங்காணி. அது போய் மற்றவர்களை எழுப்பிவிடும். அந்த மற்றவர்களில் ஹிஸ்டமின் ஒன்று. தும்மலுக்கு மாத்திரை போட்டால் கண் சொக்குவது, மாத்திரை அந்த ஹிஸ்டமினின் வாயை அடைத்துவிடுவதால்தான்.

"இதுல ஒரு விசேஷம் கேளுங்க" என்றார் டாக்டர், சேவல் ஒருத்தரையே பார்த்து. "இத்தனை மணிக்கு எழுப்புவாங்கன்னு தெரிஞ்சு படுத்தவனுக்கு, அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே உடம்பு சுரக்க ஆரம்பிச்சிடும். தூக்கத்துல கூட உடம்பு கணக்கு வெச்சுக்கிட்டு இருக்கு. சொல்லாம திடுதிப்புன்னு எழுப்பினா அந்த முன்னேற்பாடு இருக்காது. அதுலயும் ஆழ்ந்த தூக்கத்துல இருந்து பிடுங்கி எடுத்தா, கால் நடக்கும், வாய் பதில் சொல்லும், நெத்திப் பக்கத்து மூளை மட்டும் அரை மணி நேரம் வரைக்கும் தூங்கிக்கிட்டே இருக்கும். யோசிக்கிறது, நிதானிக்கிறது எல்லாம் அங்கதான். டீ குடிச்சாலும் அது வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும்."

"அப்போ அவனுக்கே தெரியுமா ஐயா, தான் முழிக்கலைன்னு?"

"தெரியாது. முழிச்சிருக்கேன்னுதான் சத்தியம் பண்ணுவான்."

அன்றைக்கு முழுக்க சேவலுக்குப் பெருமை பிடிபடவில்லை. தான் சும்மா பழக்கத்தில் செய்துவந்ததற்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறதா என்று வீட்டில் போய் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் சுரக்குது. உங்களுக்கு மட்டும் லீவு நாள்லயும் இருட்டோட சுரந்து, என் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுக்குது" என்றாள்.

இனி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேவலின் கூடப்பிறந்த தங்கையின் புருஷன்; அதே டிப்போவில் டிரைவர். முறை என்று ஒன்று இருக்கிறதே, "எந்திரிங்க மாப்பிள்ளை" என்று மரியாதையாகத்தான் எழுப்பியாக வேண்டும். அதைக் கேட்டுக் கேட்டு மொத்த டிப்போவும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கூடத்தில் படுக்கிற ஜென்மங்களிலேயே சேவலுக்குக் காணச் சகிக்காத ஜென்மம் அதுதான். குறட்டை என்றால் கட்டில் நட்டு கழன்றுவிடும். வாயோரம் ஒழுகினதை எழுந்ததும் போர்வை நுனியால் துடைப்பார். ஈரத் துண்டை அடுத்தவன் தலையணைமேல் வீசுவார். பல்லைக் குத்தின குச்சியாலேயே காதையும் குடைவார். எது முதலில், எது பிறகு என்று பார்க்க சேவலுக்கு ஒருநாளும் துணிச்சல் வந்ததில்லை. போதாக்குறைக்கு, "மச்சான், உங்க சீப்பைக் கொஞ்சம் குடுங்க" என்று உரிமையாக வாங்கி, வாரிவிட்டு, முடியோடு திருப்பிக் கொடுப்பார். சேவல் அந்தச் சீப்பைக் காகிதத்தில் பிடித்து வாங்கிக் குப்பையில் போடுவார். இந்த ஆளோடு தங்கச்சி எப்படித்தான் குடித்தனம் பண்ணுகிறாளோ என்று நினைத்துக்கொள்வார். அவள் என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அன்றைக்கு மாப்பிள்ளை வண்டியை விட்டுவிட்டு வந்ததே தாமதம். வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டதாம். கண்ணெல்லாம் சிவந்து, சட்டைகூடக் கழற்றாமல் கட்டிலில் விழப்போனார். அதற்குச் சற்று முன்புதான் மேனேஜர் சேவலைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். முதல் வண்டி எடுக்க வேண்டியவன் காய்ச்சல் என்று வரவில்லை. ஆள் வேண்டும்.

"உன் மாப்பிள்ளையை அனுப்பு" என்றார் மேனேஜர்.

"அவருக்கு வெயில் ஏறினப்புறம்தான் சார் வண்டி. இப்போதான் வந்திருக்கார். ஓய்வு நேரம்கூட..."

"எனக்குத் தெரியாதா? முன்னாடியே சொன்னா சட்டம் பேசிட்டு வீட்டுக்குப் போயிடுவான். சொல்லாதே. தூங்கட்டும். முதல் வண்டிக்கு எழுப்பி சாவியைக் குடு. எந்திரிச்ச பிறகு போய்த்தானே ஆகணும்."

மேனேஜர் அறை குளுகுளுவென்று, பூ வாசனை அடித்துக்கொண்டு, மேஜைமேல் தூசு இல்லாமல் இருக்கும். பேசி முடித்ததும் ஒரு புட்டியை அழுத்திக் கையில் எதையோ தேய்த்துக்கொண்டார். டிப்போவிலேயே சேவலுக்கு அருவருப்பு தராத ஒரே மனிதர் அவர்தான். அந்த அறையில் நின்றுகொண்டு மாட்டேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

திரும்பி வந்து கட்டில் பக்கம் நின்றார். மாப்பிள்ளை வழக்கம்போல, "சொல்லுங்க மச்சான், எத்தனை மணிக்கு?" என்றார்.

"உங்க நேரம்தான். எட்டு மணிக்கு" என்றார் சேவல்.

"எட்டு" என்று ஒப்பித்துவிட்டு மாப்பிள்ளை கவிழ்ந்தார். அடுத்த நிமிஷம் கட்டில் அதிர ஆரம்பித்தது.

இருட்டு பிரிவதற்கு முன்னால் சேவல் போய்க் கம்பியைத் தட்டினார். அசைவில்லை. பலமாகத் தட்டினார். கடைசியில் மூக்கைத் திருப்பிக்கொண்டு தோளைப் பிடித்து உலுக்கினார். கையில் வேர்வை பிசுபிசுத்தது. மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். கண் திறந்திருந்தது. "சரி மச்சான்" என்றார். முதல் வண்டி, அவசரம், மேனேஜர் சொன்னார் என்று சேவல் சொன்னதற்கெல்லாம் "சரி மச்சான், சரி மச்சான்" என்றார். சேவல் சாவியைக் கொடுத்தார், அவர் வாங்கிக்கொண்டார். சேவல் ஓடிப்போய்க் கூடத்துக் குழாயில் கையை சோப்புப் போட்டுக் கழுவினார்.

கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பினார். மாப்பிள்ளை பீரோ முன்னால் காலை அகட்டி நின்று, நிதானமாக, அவசரமே இல்லாமல், வெள்ளை விரிப்புகளின்மேல் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். கழிப்பறை என்ற நினைப்பு. முடிந்ததும் வேட்டியைச் சரிசெய்வதுபோலக் கால்சட்டையைச் சரிசெய்துகொண்டு, பீரோ கதவை மரியாதையாகச் சாத்தினார். "வரேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சேவலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடச்சீ, நீயெல்லாம் மனுஷனா என்று பல்லைக் கடித்துக்கொண்டு பீரோவுக்குத்தான் ஓடினார். மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. நனையாததை இழுத்து ஒரு பக்கம் போட்டார், நனைந்ததை வாளியில் திணித்தார், நாற்றம் தாங்காமல் இரண்டு தடவை ஓங்கரித்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அலசினார். அலசிக்கொண்டிருக்கும்போதுதான் முற்றத்தில் எஞ்சின் உறுமுகிற சத்தமும், தகரம் நசுங்குகிற சத்தமும், ஒரு பெண்ணின் அலறலும் அடுத்தடுத்துக் கேட்டன.

ஓடிப்போய்ப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்ப வேண்டிய வண்டி நேராகப் போய் வண்டி கழுவுகிற கொட்டகையில் மோதி நின்றிருந்தது. முற்றம் பெருக்குகிற அக்கா அங்கே குனிந்து சாக்கடை வாயில் அடைத்திருந்த குப்பையை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், சேவல் உட்பட. அவளுடைய ஒரு பாதம் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. மாப்பிள்ளை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எதிரே இருந்த உடைந்த தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று யாரோ முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி உதறிக்கொண்டு கீழே குதித்தார். அந்த நொடியில்தான் அவர் நிஜமாகவே விழித்தார் என்று சேவலுக்குத் தெரிந்தது.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை குடிக்கவில்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. பிரேக் சரியாக இருக்கிறது என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: விழித்திருந்த டிரைவரின் கவனக்குறைவு. வேலை போகும், லைசென்ஸ் போகும், கம்பெனி கொடுத்த வீடும் போகும். தங்கை இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு சேவல் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் முழிச்சிருந்தார்னுதான் அவரே சொல்றாரு அண்ணே. நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். எந்திரிச்சேன், டீ குடிச்சேன், வண்டியை எடுத்தேன், எல்லாம் ஞாபகம் இருக்குங்கிறாரு. தூங்கிட்டே ஓட்டினேன்னு சொல்ல நான் என்ன புது டிரைவரான்னு என்மேல எரிஞ்சு விழறாரு."

"எட்டு மணின்னு ஒப்பிச்சுட்டுப் படுத்தவரை எதுக்கு முன்னாடியே எழுப்பினேன்னு அவர் கேட்கலையா?" என்றார் சேவல்.

"மேனேஜர் கூப்பிட்டா போகணும்ல. இது ஒரு விஷயமாங்கிறாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேலை போயிட்டா எங்க போவோம்? உன் வீட்டுக்குத்தான் வரணும்."

இரண்டே அறை உள்ள வீடு. மாப்பிள்ளை தன் வீட்டில், தன் பாயில், தன் தலைமாட்டில் படுத்துக் குறட்டை விடுவதை சேவல் ஒரு கணம் கண்ணால் பார்த்துவிட்டார். கூடவே தங்கையின் முகத்தையும் பார்த்தார். சின்ன வயதில் கீழே விழுந்தால் அழுவதற்கு முன்பு அண்ணன் இருக்கிறானா என்று தேடுவாளே, அதே முகம்.  தங்கை போனதும் பீரோ விஷயத்தை மனைவியிடம் சொன்னார். அவள் முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்தாள், சிரித்ததற்காகத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"இதைச் சபையில சொன்னா அந்த மனுஷன் நாண்டுக்குவாரு" என்றாள்.

"சொல்லலைன்னா வேலை போயிடும்."

"அப்போ சொல்லுங்க. ஆனா சொல்லிட்டு வந்து அதை நினைச்சு நினைச்சு மூக்கைப் பொத்திக்கிட்டு என் உயிரை வாங்காதீங்க."

விசாரணைக்கு முன்தினம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். அதே குளுமை, அதே பூ வாசனை.

"நீ எழுப்பினே, அவன் எந்திரிச்சான், சாவி வாங்கினான். இதுக்கு மேல உன்கிட்ட யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. நேரத்தை மாத்திச் சொன்னதெல்லாம் நீயா போய் அவிழ்த்துவிடாதே. சொன்னது உன் வாய், ஞாபகம் வெச்சுக்கோ. நான் எழுதிக் குடுக்கலையே?" என்று சொல்லிவிட்டுப் புட்டியை அழுத்தினார்.

கையைத் தேய்த்துக்கொண்ட அந்த விரல்களைப் பார்த்ததும் சேவலுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் எந்தக் காலுறையும், எந்தப் போர்வையும் அவரை அந்த அளவுக்குக் குமட்டினதில்லை. இந்த அறையின் சுத்தத்தைப் பார்த்துத்தானே இத்தனை நாள் அந்த ஆளை மதித்தோம் என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது. வெளியே வந்தார்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்திருந்தார். பக்கத்தில் அந்த டாக்டர். எதிரே மாப்பிள்ளை, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு. எழுப்பினேன் என்று சேவல் ஆரம்பித்தார். அதோடு நிறுத்தவில்லை. எட்டு மணி என்று பொய் சொல்லிப் படுக்க வைத்தது, நிஜ நேரத்தைச் சொல்லாதே என்றது யார், எப்போது எழுப்பினது எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. சமாளித்துக்கொண்டு, "தங்கச்சி புருஷன் மேடம். காப்பாத்தப் பார்க்கிறான்" என்றார்.

"எனக்கும் அதுதான் சந்தேகம்" என்றார் அதிகாரியம்மா. மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "உங்க மச்சான் சொல்றபடி நீங்க சரியா முழிக்கலையா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் முழிச்சிருந்தேன்மா" என்றார் மாப்பிள்ளை, கொஞ்சம் ரோஷமாகவே. "எந்திரிச்சு, பாத்ரூம் போயிட்டு, டீ குடிச்சுட்டுத்தான் வண்டியைத் தொட்டேன். மச்சானுக்கு என்மேல பாசம். அதுக்காக நான் தூங்கினேன்னு பொய் சொல்ல முடியாது."

பாவி மனுஷா, நீயே உன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாயே என்று சேவலுக்கு ஆத்திரமாக வந்தது.

"பாத்ரூம் போகலை மாப்பிள்ளை" என்றார். "பீரோவுக்குப் போனீங்க."

அறையில் யாருக்கும் புரியவில்லை. புரியும்படி சேவல் சொன்னார். எங்கே நின்றார், எதன்மேல் போனார், எப்படிக் கதவைச் சாத்தினார், எத்தனை விரிப்பு நனைந்தது, அதைத் தான் எந்தக் கல்லில் போட்டு அலசினது, எல்லாம். சொல்லும்போதே அவர் முகம் கோணிக்கொண்டு போனது. சுவரோரமாக நின்ற கிளார்க் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். பொய் என்று சொல்ல வந்திருப்பார். சேவலின் முகத்திலிருந்த அருவருப்பைப் பார்த்ததும் அது பொய்யில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. தலை குனிந்தது, அப்புறம் விசாரணை முடிகிறவரை நிமிரவில்லை.

டாக்டர்தான் மெதுவாகப் பேசினார். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து, உடம்பு எதிர்பார்க்காத நேரத்தில் எழுப்பினால் இப்படி நடப்பது உண்டு என்றார். நடப்பார்கள், பேசுவார்கள், கதவைத் திறப்பார்கள். ஆனால் தான் எங்கே நிற்கிறோம் என்று மூளைக்குத் தெரியாது. நடந்ததில் பாதி ஞாபகத்தில் தங்காது, தங்கினதும் சரியாக இருக்காது. இவர் பாத்ரூம் போனதாகச் சொல்வது பொய் இல்லை, இவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது என்றார். அதிகாரியம்மா எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு சேவல் எதிர்பார்த்ததைவிட நல்லபடியாக வந்தது. மேனேஜரை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேலை தப்பியது. கொஞ்ச நாள் வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள், அவ்வளவுதான். அதிகாரியம்மா சேவலைக் கூப்பிட்டு, சொந்தக்காரர் என்றும் பார்க்காமல், வேலை போகும் என்றும் பயப்படாமல் உண்மையைச் சொன்னதாகப் பாராட்டினார். கை கொடுத்தார். சேவலுக்கு என்னவோ அந்தக் கையை வாங்கவே கூசியது. வீட்டுக்கு வந்து குளித்தார்.

டிப்போவில் மாப்பிள்ளையின் பெயர் பீரோ என்று மாறியது. போகிறவன் வருகிறவனெல்லாம், "பூட்டிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தான். தங்கை வந்தாள். வீடு தப்பித்தது, பிள்ளைகள் தப்பித்தார்கள். கையெடுத்துக் கும்பிட வந்தாள் என்றுதான் சேவல் நினைத்தார்.

"அதைச் சொல்லித்தான் காப்பாத்தணுமாண்ணே?" என்று கேட்டாள். "அவர் இப்போ வீட்டுலகூடப் படுக்கிறதில்லை. சேர்லயே உட்கார்ந்துக்கிட்டே தூங்கறாரு. தூங்கினா எங்க எந்திரிச்சுப் போயிடுவோமோன்னு பயம்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று அவளிடம் கத்த வேண்டும்போல இருந்தது. 

அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், போகவேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். மனைவிதான் பழங்கள் வாங்கிப் பையில் போட்டு, "போயிட்டு வாங்க. எத்தனை நாளைக்குத்தான் மூக்கைக் காரணம் காட்டுவீங்க?" என்று துரத்தினாள்.

பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டுக்குள்ளிருந்து இரும்புக் கம்பிகள் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நின்றன. அவற்றின் அடியில் மஞ்சளாக ஊறியிருந்தது. மருந்து நாற்றமும், அதற்கடியில் இன்னொரு நாற்றமும். சேவல் பழப்பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"கேள்விப்பட்டேன்ணே" என்றாள் அக்கா. "எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாமே. எனக்குப் பணம் தரவும் ஒத்துக்கிட்டாங்களாம். பொண்ணு வந்து சொன்னா."

"ஏதோ, நடந்ததைச் சொன்னேன்."

"அவர்மேல எனக்குக் கோபம் இல்லை. பாவம், தூக்கத்துல இருக்கிறவருக்கு என்ன தெரியும். நேத்து இங்க வந்து வாசல்லயே நின்னுட்டுப் போனாரு. உள்ள வரச் சொன்னேன், வரலை." தன் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். "ஒண்ணு கேட்கட்டுமா? பீரோவை மூடிட்டு வெளிய வந்தவரு, டீக்கடைக்குப் போயி, டீ குடிச்சுட்டு, முற்றத்தைத் தாண்டிப் போயி வண்டியை எடுத்திருக்காரு. என்னைத் தாண்டித்தான் போனாரு. நான்கூட, வாங்க மாப்பிள்ளைன்னேன். நீங்க அப்போ எங்க இருந்தீங்க?"

"விரிப்பை அலசிக்கிட்டு இருந்தேன்."

அக்கா தலையாட்டினாள். அவள் முகத்தில் சண்டைக்கு வருகிற குறி ஒன்றும் இல்லை. புரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலத்தான் இருந்தாள்.

"அவர் முழிக்கலை, சரி" என்றாள். "நீங்க முழிச்சுத்தானே இருந்தீங்க?"